இரவல் போகும் துணி: பயணப் பொருட்காட்சிகள் பற்றி ஒரு பாடம்

கலியாணத்துக்கு அண்டாவும் ஜமக்காளமும் இரவல் வாங்குவது நம் ஊர்களில் பழைய வழக்கம். அண்டாவில் உடையவர் பெயர் வெட்டியிருக்கும். எத்தனை போயின, எத்தனை திரும்பின என்று எண்ணிக்கொண்டால் போதும். நூறாண்டுப் பழமையுள்ள பட்டுச் சேலை ஒன்றைக் காட்சிச்சாலை இரவல் கேட்கும்போது எண்ணிக்கை மாத்திரம் போதாது. போனது ஒன்று, வந்தது ஒன்று என்று கணக்கு நேராகவே இருக்கும். ஆயினும், போகும்போது இருந்த நிறம் வரும்போது இராமற் போகலாம்.

காட்சிச்சாலைகள் தம்மிடமுள்ள பொருள்களையும் பிறரிடம் இரவல் பெற்றவற்றையும் பெட்டிகளில் அடைத்து, ஊர் ஊராக அனுப்பி, ஒவ்வோர் ஊரிலும் சில வாரமோ சில மாதமோ வைத்துக் காட்டுவதைப் பயணப் பொருட்காட்சி என்கிறோம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையின் முன்னோடி நிறுவனம் 1850களிலேயே இவ்வேலையைத் தொடங்கிற்று. அமெரிக்காவில் ஸ்மித்ஸோனியன் நிறுவனம் இதற்கென 1952ல் ஒரு தனிப் பிரிவை அமைத்தது. 1982ல் பிரிட்டனில் இந்திய விழா நடந்தபோது, மார்த்தாண்ட் சிங் அமைத்த ‘மாஸ்டர் வீவர்ஸ்’ என்னும் காட்சியில் நம் நாட்டு நெசவாளர் கைத்திறன் லண்டனில் வைக்கப்பட்டது. நெசவாளர் சங்கம் இத்தகைய முயற்சியில் இரு விதமாகப் பங்கு கொள்ளலாம்: தன் துணியை இரவல் கொடுக்கலாம்; அல்லது வேறோரிடத்திலிருந்து வரும் காட்சியைத் தன் மண்டபத்தில் ஏற்று நடத்தலாம். இரண்டுக்கும் அடிப்படையாயுள்ளது ஒரு புத்தகம். முதலில் அதைப் பற்றிச் சொல்வோம்.

காட்சிச்சாலைக்காரர் அதை நிலைக் குறிப்பு என்பர். துணி பெட்டியில் ஏறுமுன் அதை மேசைமீது விரித்து, அதன் நிலையை அங்குலம் அங்குலமாகப் பார்த்து எழுதி, படம் பிடித்து, கொடுப்பவரும் கொள்பவரும் கையொப்பமிடுவது முறை. “ஆங்காங்கே நைந்துள்ளது” என்று எழுதுவது பயன் தராது. எங்கே, எவ்வளவு என்று எழுத வேண்டும். உதாரணமாக: “முந்தானை ஓரத்திலிருந்து 14 அங்குலம் உள்ளே, இடக்கரைக்கு 3 அங்குலத்தில், பாவிழை இரண்டு அறுந்துள்ளன; ஊடை அப்படியே உள்ளது; அதனையடுத்து நெல்லிக்காய் அளவில் எண்ணெய்க் கறை.” இவ்வாறு எழுதிவிட்டால் பின்னால் வாதத்துக்கு இடமில்லை.

இவ்வேலையில் நெசவாளருக்கு இணையானவர் இல்லை என்பது நம் கருத்து. பாதுகாப்பு நிபுணர் ரசாயனம் படித்தவர். அவர் சொல்லைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் ஓர் இழை தறியிலேயே தப்பியதா, பிற்காலத்தில் அறுந்ததா என்பதைத் தறியில் உட்கார்ந்தவர் கண் உடனே காணும். கோர்வை எந்த இடத்தில் இழுபட்டுத் தளர்ந்திருக்கிறது, பிற்காலத்தில் ஒட்டுப் போட்டது எந்தப் பகுதி என்பதையும் அவரே சொல்வார். ஆகையால் துணி கொடுக்கும் சங்கம், காட்சிச்சாலை எழுதிக் கொண்டுவந்த தாளில் கையொப்பமிடுவதோடு நில்லாமல், அனுபவமுள்ள அங்கத்தினர் ஒருவரை உடன் உட்காரவைத்து எழுத வேண்டும்.

இப்புத்தகம் துணியுடனேயே பிரயாணம் செய்யும். ஒவ்வோர் ஊரிலும் பெட்டி திறந்ததும் ஒரு முறை, மூடுமுன் ஒரு முறை, துணியைப் பழைய குறிப்போடும் படத்தோடும் ஒப்பிட்டு, புதிதாக ஏதேனும் காணப்பட்டால் தேதியிட்டு எழுதிக் கையொப்பமிடுவார்கள். ஐந்து ஊர் சுற்றிய சேலையில் ஒரு கிழிசல் கண்டால், அது மூன்றாவது ஊரில் பெட்டி மூடியபோது இல்லை, நான்காவது ஊரில் திறந்தபோது இருந்தது, ஆகவே வழியில் நேர்ந்தது என்று விரலை வைத்துக் காட்ட முடியும். நம் சங்கத்தில் நூல் கொடுத்து நூல் வாங்கும்போது எடையைப் பாஸ் புத்தகத்தில் பதிவதும் இதே நியாயத்தால்தான். ஏற்று நடத்தும் சங்கத்தையும் இப்புத்தகமே காக்கிறது. முந்திய ஊர்க்காரர் செய்த சேதம் நம் தலையில் விழாது.

அடுத்தது வெளிச்சம். கிழிசலைத் தைக்கலாம், கறையில் ஒரு பகுதியை நீக்கலாம். வெளிச்சத்தில் போன சாயத்தை மீட்க வழியே கிடையாது. வெளிச்சத்தின் சேதம் கூடிக்கொண்டே போவது. சிறுகச் சிறுகச் செலவானாலும் மொத்தம் மொத்தமே. துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் போன்றவற்றைக் காட்டும் அறையில் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கூடாது என்பது காட்சிச்சாலைகளின் வழக்கம். லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 லக்ஸில் நாளொன்றுக்கு 8 மணி நேரம், 90 நாள் காட்டினால் மொத்தம் 36,000 லக்ஸ்-மணி. உச்சி வெயிலில் அதே துணியை 22 நிமிஷம் விரித்தால் அவ்வளவும் தீர்ந்துவிடும்! வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரின் தீங்கு இதற்கு மேல். தெருவில் பாவு போட்டுப் பழகிய நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் புதுப் பாவு வேறு, தாத்தா காலத்துச் சேலை வேறு.

எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் போவதில்லை. அவுரி நீலமும் சாயவேரின் சிவப்பும் உறுதியானவை. மஞ்சள் கிழங்கின் மஞ்சள் விரைவில் வெளுக்கும். இரும்பும் கடுக்காயும் சேர்ந்த கறுப்பு வேறு விதத்தில் வஞ்சிக்கும்: நிறம் நிற்கும், நூல் இற்றுப்போகும். பழைய கலம்காரித் துணிகளில் கறுப்புக் கோடு இருந்த இடம் மாத்திரம் உதிர்ந்து நூல்நூலாய் நிற்பதைக் கண்டவர்களுக்கு இது தெரியும். ஆதலால் ஒப்பந்தத்தில் எத்தனை நாள், எத்தனை லக்ஸ் என்று எண்ணாலேயே குறிக்க வேண்டும். மூன்று மாதம் காட்டிய துணியைச் சில ஆண்டு இருட்டில் ஓய்வாக வைப்பதும், நீண்ட பிரயாணமாயின் பாதிவழியில் ஒரு சேலைக்குப் பதில் மற்றொன்றை மாற்றி வைப்பதும் நல்ல முறைகள்.

காற்றின் ஈரத்தைப் பற்றி முன்பெல்லாம் மிகக் குறுகிய எல்லையை வற்புறுத்தி, இராப்பகலாய்க் குளிர்சாதனம் ஓட்டச் சொல்வார்கள். 2010களில் உலகின் பெரிய காட்சிச்சாலைகளின் தலைவர்கள் கூடிச் சற்றுத் தளர்த்தினார்கள்: ஈரப்பதம் நூற்றுக்கு 40 முதல் 60, வெப்பம் 16 முதல் 25 டிகிரி என்பது பெரும்பாலான பொருள்களுக்குப் போதும் என்றனர். நம் கடலோர ஊர்களில் ஐப்பசி கார்த்திகையில் இதையும் எட்டுவது எளிதன்று. ஆதலால் அம்மாதங்களில் பழம்பட்டைத் தருவிக்காமலிருப்பதே உத்தமம். ஜரிகைக்கு வேறொரு பகைவன் உண்டு. காற்றிலுள்ள கந்தக வாயு வெள்ளியைக் கறுக்கச் செய்யும். கம்பளித் துணியும் சிலவகை ரப்பரும் இவ்வாயுவை வெளியிடுபவை. காட்சிப் பெட்டிக்குள் அழகுக்காகக் கம்பளி விரிப்பது தகாது. கஞ்சிப் பசையுள்ள நூல்துணியை இராமபாணப் பூச்சி தேடிவரும் என்பதை நம் பெட்டிகளிலேயே பார்த்திருக்கிறோம்.

மடிப்பு விழுந்த இடத்தில்தான் பட்டு முதலில் உடைகிறது. அதனால் துணியை அகன்ற குழலில் சுற்றி, இடையிடையே அமிலமற்ற மெல்லிய தாள் வைத்து, வெளியே துவைத்த பருத்தித் துணியால் மூடி அனுப்புவர். பெட்டி வந்து சேர்ந்ததும் ஆவலோடு திறந்துவிடக் கூடாது. மண்டபத்தின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அது பழகும்பொருட்டு 24 மணி நேரம் மூடியபடியே வைத்திருந்து பின் திறக்க வேண்டும்.

இனிக் காட்சியை ஏற்று நடத்துவது. அனுப்புகிறவர் முதலில் நம் கட்டிடத்தைப் பற்றிக் கேள்வித்தாள் ஒன்று அனுப்புவார். கூரை ஒழுகுமா, தீயணைக்கும் கருவி உண்டா, இரவில் காவல் யார், ஜன்னல்களுக்குத் திரை உண்டா, தலைக்குமேல் தண்ணீர்க் குழாய் போகிறதா, வாசற்படியின் அகலம் என்ன என்றெல்லாம் கேட்டிருக்கும். பெட்டி வாசலில் நுழையாமல் திண்ணையில் கிடக்க நேர்ந்தால் மற்ற ஏற்பாடெல்லாம் வீண். உள்ளதை உள்ளபடி எழுதுவதே நலம். ஒழுகும் கூரையை மறைத்து வாங்கிய காட்சி மழை நாளில் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

செலவு விஷயத்தில் இத்துறையினர் கையாளும் ஒரு முறை கூட்டுறவாளர் நெஞ்சுக்கு உவப்பானது. காட்சி ஐந்து சங்கங்களைச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஊருக்கும் வரும் லாரிக் கூலி முறையே ரூ. 6,000, 9,000, 21,000, 8,000, 16,000. அவரவர் கூலியை அவரவர் கொடுப்பதானால் மூன்றாவது சங்கம் 21,000 ரூபாய் கொடுக்க வேண்டும். அது தொலைவில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு குற்றம் செய்யவில்லை. ஆகவே மொத்தம் 60,000 ரூபாயையும் ஐந்தாகப் பகிர்ந்து ஆளுக்கு 12,000 என்று முன்கூட்டியே நிர்ணயிக்கிறார்கள். அருகிலுள்ள சங்கம் சிறிது கூடக் கொடுக்கிறது. மூலையிலுள்ள சிற்றூருக்கும் காட்சி போகிறது.

இன்ஷூரன்ஸ், துணி தன் இடத்தைவிட்டு எடுக்கப்பட்ட நிமிஷத்திலிருந்து அதே இடத்துக்குத் திரும்பும் வரையில் இருக்க வேண்டும். மதிப்பை முன்னரே எழுதிவிட வேண்டும். பழைய ஜரிகை வாங்குவோர் எடைபோட்டுச் சொல்லும் விலை இதற்கு மதிப்பாகாது. அத்தகைய சேலையை இன்று நெய்யக்கூடுமானால் ஆகும் கூலி, சாயம், நாள் எல்லாவற்றையும் கணக்கிட வேண்டும். நூறாண்டும் அதற்கு மேலும் பழமையான கலைப்பொருளை வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் இடந்தரவில்லை. மத்திய அரசு அல்லது அது அதிகாரமளித்த அமைப்பின் மூலமே அனுப்பலாம். கடல் கடந்து கேட்பவர்களுக்கு இதை முதற் கடிதத்திலேயே தெரிவித்துவிடலாம்.

கடைசியாக ஒரு ஷரத்து. 1866ல் லண்டனில் ஜான் போர்ப்ஸ் வாட்ஸன் என்பவர் இந்தியத் துணிகளின் மாதிரிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றில் 700 மாதிரிகள் இருந்தன. மொத்தம் 20 படிகள். 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. ஒவ்வொரு படியையும் ஒரு கைத்தொழிற் காட்சிச்சாலையாகவே அவர் கருதினார். துணியின் நீளம், அகலம், எடை, விலை முதலிய விவரங்களும் அவற்றில் இருந்தன. நோக்கம் ஒளிவு மறைவற்றது: இந்தியர் எத்தகைய துணி உடுத்துகிறார்கள் என்று பிரிட்டிஷ் ஆலைக்காரர் அறிந்து, அவ்வாறே செய்து இங்கே விற்பது. ஆலை நகரங்களை அடுத்த பிரெஸ்டன் ஊரின் காட்சிச்சாலையில் அத்தொகுதிகள் இருக்கின்றன. அவையும் துணியின் பிரயாணமே. பயனடைந்தவர் யார் என்பதுதான் வேறு.

காஞ்சிபுரப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது பெயரைக் காக்கும். கண்ணாடிப் பெட்டியில் வைத்த ஒரு குறிப்பிட்ட கரையின் வேலைப்பாட்டைப் பிறர் படம் பிடித்து விசைத்தறிக்கும் அச்சுத்துணிக்கும் கொண்டுபோவதை அது தடுக்காது. எனவே, விளம்பரத்துக்கும் காட்சிப் புத்தகத்துக்கும் மாத்திரம் படம் எடுக்கலாம், வேலைப்பாட்டை விற்பனைப் பொருளில் பயன்படுத்த வேண்டுமானால் சங்கத்தின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என்று சேர்க்க வேண்டும். பொருளின் கீழ் வைக்கும் பெயர்ச்சீட்டையும் அச்சிடுமுன் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ஊரும் காலமும் மாத்திரம் எழுதி நிறுத்திவிடும் சீட்டுகள் மிகுதி. நெய்தவர் பெயர் தெரியுமானால் அவர் பெயர், தெரியாவிடில் அவருடைய தெருவும் சங்கமும் இருக்கட்டும். இதற்கு உடன்படாத காட்சிச்சாலைக்குத் துணி கொடுக்க மறுப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

துணி திரும்பியதும் செய்ய வேண்டியவை சில. 24 மணி நேரம் பெட்டியைத் திறவாமல் வைத்திருந்து, முதலில் எழுதிய அங்கத்தினரையே மீண்டும் அழைத்து, பழைய குறிப்பைப் படித்துக்கொண்டே பார்க்க வேண்டும். பூச்சி முட்டையோ புழுவோ தென்பட்டால் மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே கட்டி வைத்து, காட்சிச்சாலைக்கு அன்றே கடிதம் எழுத வேண்டும். எல்லாம் சரியாயிருப்பின் கடைசிப் பக்கத்தில் கையொப்பமிட்டு, ஒரு படியைச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துவிடலாம். மறுபடி யாரேனும் அச்சேலையைக் கேட்டால், அது இதுவரை எத்தனை நாள் வெளிச்சத்தில் இருந்தது என்பதற்குக் காரியதரிசியிடம் கணக்கு இருக்கும்.