இடி கேட்டதும் விசில்

புஞ்சாக் ஆலாம் பக்கம் பிற்பகலில் வெயில் கொளுத்தினால், மாலையில் பல நாள் இடிமழைதான். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இது அதிகம். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஓட்டத்துக்கும் கபடிக்கும் காற்பந்துக்கும் திடலில் இறங்குவதும் அதே நேரம்தான். விளையாட்டில் காயம் என்றால் நமக்குச் சுளுக்கும் முட்டிச் சிராய்ப்பும்தான் ஞாபகம் வரும். மின்னல் வருவதில்லை.

2016 ஏப்ரல் 5-ஆம் தேதி மலாக்காவில் பயிற்சியின்போது ஸ்டீபன் பெட்ரோவ்ஸ்கி என்ற கோல் காவலரை மின்னல் தாக்கியது. வயது 18. மே 1-ஆம் தேதி அவர் இறந்துபோனார். மலாக்கா யுனைடெட் என்ற பெரிய குழுவின் பயிற்சியிலேயே இப்படி நடந்தது.

"மழையே இன்னும் வரலையே அண்ணே, இந்த ஆட்டத்த மட்டும் முடிச்சிடுறோம்" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். அங்கேதான் ஆபத்து. மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும். இடிச் சத்தம் ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால், அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம், இடி காதில் விழுந்தாலே விசில் ஊதுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் யாரும் திடலுக்குத் திரும்பக்கூடாது. நடுவில் இன்னொரு இடி கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து 30 நிமிடம்.

போட்டி நாளில் எல்லாரும் கூடாரத்துக்குள்தான் ஓடுவார்கள். கூடாரம் மழைக்கு மட்டும்தான், மின்னலுக்கு அல்ல. மரத்தடி அதைவிட மோசம். மரத்தில் விழும் மின்சாரம் தரை வழியாகப் பரவிக் காலில் ஏறும். பள்ளிக் கட்டடம், இல்லாவிட்டால் கண்ணாடி ஏற்றிய பேருந்து அல்லது கார், இவைதான் புகலிடம். இடி இடித்தால் நம் பாட்டிமார் "அர்ஜுனா, அர்ஜுனா" என்பார்கள். அவர்களும் வீட்டுக்குள் வந்த பிறகுதான் சொன்னார்கள்!

யாராவது விழுந்துவிட்டால் தொடப் பயப்படாதீர்கள். அவர் உடலில் மின்சாரம் தங்காது. 999-க்கு ஒருவர் அழைக்கட்டும். மூச்சு இல்லையென்றால் இன்னொருவர் உடனே நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். பலர் விழுந்திருந்தால், முனகுகிறவரை விட்டுவிட்டு, அசையாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். நின்ற இதயத்தை மீண்டும் ஓட வைக்க வாய்ப்பு உண்டு. நம் கிளையில் இரண்டு பேராவது இதை முறையாகப் பழகியிருக்க வேண்டும்.

நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதைப் போட்டிக்கு முன்பே பேசிவிடுங்கள். ஒரே ஆள், ஒரே விசில். இறுதி ஓட்டமாக இருந்தாலும், பரிசு கொடுக்கப் பிரமுகர் வந்து காத்திருந்தாலும் அவர் சொன்னதுதான். இன்னொன்றும் கேட்டு வையுங்கள்: சனிக்கிழமை போட்டி என்றால் பள்ளி மண்டபத்துச் சாவி யாரிடம் இருக்கிறது?