டில்லியில் காற்று வாங்கிய கதை

முதலாண்டு மே மாதத்தில் நான் செய்த பிழையொன்றிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். சென்னையில் வளர்ந்தவன் நான். புழுக்கம் தாங்காவிட்டால் கடற்கரைக்குச் சென்று காற்று வாங்குவது எங்கள் வழக்கம். அதே நினைவில், டில்லி விடுதியில் ஒரு பிற்பகல் சன்னலை அகலத் திறந்து, காற்றுக்கு எதிரே அமர்ந்து படித்தேன். மாலையில் தலைச்சுற்றலும் வாந்தியும் வந்து படுத்துவிட்டேன். “லூ அடித்துவிட்டது” என்றார் விடுதிச் சமையற்காரர். லூ என்பது கோடையில் இங்கு மேற்கிலிருந்து வீசும் அனற்காற்று. ஊரில் உயிர் தந்த காற்று இங்கே பகையானது ஏன்?

காற்று சூடேறும் முறையை முதலில் அறிவோம். தெளிந்த வானில் கதிரவன் ஒளியில் பெரும்பகுதி காற்றை ஊடுருவி நிலத்தை அடைகிறது. சூடான நிலமே, அடுப்பிலிட்ட தோசைக்கல் போல், தன்னைத் தொட்ட காற்றைச் சூடாக்குகிறது. இது கடத்தல். அக்காற்று விரிந்து இலேசாகி மேலெழ, மேலுள்ளது கீழிறங்குகிறது. இது வெப்பச்சலனம். நிலம் கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்களையும் வீசுகிறது. இது கதிர்வீச்சு.

கடல்நீர் நிலத்தைப்போல் விரைவில் சூடாவதில்லை. ஆகவே பகலில் சென்னை நிலத்தின்மேல் அழுத்தம் குறைய, கடலின் குளிர்ந்த காற்று கரைக்கு வருகிறது. நாம் வாங்கும் காற்று அதுவே.

டில்லிக்கு அருகில் கடல் ஏது? மேற்கே இருப்பது தார்ப் பாலைவனம். பகலில் வெப்பச்சலனம் காற்றை நன்கு கலக்குவதால், உயரே மேற்கிலிருந்து விரையும் காற்றின் வேகம் தரைவரை இறங்குகிறது. இரவில் கதிர்வீச்சால் நிலம் குளிர்கிறது. அதையொட்டிய காற்று கனத்துப் படிகிறது. கலப்பு நிற்க, லூவும் அடங்குகிறது.

நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ். அதனினும் குளிர்ந்த காற்று நம் வெப்பத்தைக் கொண்டு செல்லும். 42 பாகையில் வீசும் காற்றோ வெப்பத்தை நமக்குத் தந்து செல்கிறது! வியர்வையும் உடனே உலர்ந்துவிடுவதால், உடல் நீரிழப்பது நமக்குத் தெரிவதில்லை. என் பிழை இதுவே.

ஆயினும் இந்த வெப்பத்தை ஏசுவதற்கில்லை. வடமேற்கு நிலப்பரப்பு காய்ந்து அங்கு அழுத்தம் தாழ்வதும் தென்கடலின் ஈரக்காற்றை உள்நாட்டிற்கு இழுக்கும் காரணங்களுள் ஒன்று. பருவக்காற்றுக்குக் கதிரவன் வெப்பமே காரணம் என்று எட்மண்ட் ஹாலி 1686-இலேயே விளக்க முற்பட்டார். வழக்கமாக ஜூன் முதல் நாளையொட்டிக் கேரளத்தைத் தொடும் பருவமழை, அம்மாத இறுதியில் டில்லியை எட்டுகிறது.

புதிதாக வந்துள்ள தம்பி தங்கையரே, கோடையில் நண்பகல் முதல் மாலைவரை சன்னலைச் சாத்துங்கள், இரவில் திறவுங்கள். தாகம் எடுக்குமுன்பே நீர் அருந்துங்கள். வெயிலில் சென்ற நண்பன் மயங்கினாலோ பிதற்றினாலோ, நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறியவாறே மருத்துவ உதவியை உடனே நாடுங்கள். காற்று வாங்குவதானாலும் இடமும் காலமும் அறிந்தே வாங்க வேண்டும்.