வீட்டில் தைலம் காய்ச்சுதல்

நம் கிராமங்களில் எண்ணெய் முழுக்கு அற்றுப்போய்விடவில்லை. ஆயினும் அதற்கு வேண்டிய தைலத்தை வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ளும் பழக்கம் குறைந்து வருகிறது. காரணம் கேட்டால், காய்ச்சிய எண்ணெய் பத்தே நாளில் சிக்கு வாடை அடித்துப் பூசணம் பூத்துவிட்டது என்ற பதிலையே நாம் பல ஊர்களிலும் கேட்கிறோம். இது மூலிகையின் குறையன்று. எண்ணெயில் தங்கிவிட்ட நீரின் குறை. பச்சிலையின் சாரத்தை எண்ணெயில் இறக்கிவிட்டு, அதனுடன் வந்த நீரை முற்றிலும் வெளியேற்றுவதே தைலம் காய்ச்சும் தொழிலாகும்.

யாவருக்கும் எளிதில் கிட்டும் கரிசலாங்கண்ணியை எடுத்துக்கொள்வோம். வாய்க்கால் ஓரங்களிலும் வயல் வரப்புகளிலும் வெண்ணிறப் பூவுடன் இது தானே முளைத்துக் கிடக்கும். தண்டைக் கிள்ளிக் கசக்கினால் சாறு சிறிது நேரத்தில் கறுத்துவிடும். செடியை அறிய இதுவே நல்ல அடையாளம். ஆனால் பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ தெளித்த வயலின் வரப்பிலிருந்து பறித்தல் கூடாது. அடுத்த வயல்காரர் எப்போது என்ன தெளித்தார் என்பதைக் கேட்டறிந்து பறிப்பதே முறை. கொல்லையில் நீர் விழும் இடத்தில் ஒரு பாத்தி வளர்த்துக்கொண்டால் இத்தொல்லையே இல்லை.

எண்ணெய் 4 பங்கு, சாறு 16 பங்கு, அரைத்த விழுது 1 பங்கு என்பது வைத்திய நூல்கள் கூறும் அளவு. வீட்டுத் தேவைக்கு நல்லெண்ணெய் கால் லிட்டர், சாறு 1 லிட்டர், விழுது 60 கிராம் போதுமானது. சாறு குறைந்தால் இலையில் சிறிது நீர் தெளித்து அரைக்கலாம்; அந்நீரும் ஆவியாகத்தான் போகிறது. அடி கனத்த, வாயகன்ற பாத்திரமாக இருத்தல் வேண்டும். அதில் பாதிக்கு மேல் நிரப்பலாகாது. பொங்கி வழிந்த எண்ணெய் விறகடுப்பில் பட்டால் தீப்பற்றும். அவ்வாறு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தட்டினால் மூடி, அடுப்பை அணைத்துவிட வேண்டும்.

தொடக்கத்தில் அவசரமில்லை. நீர் உள்ளவரை பாத்திரத்தின் சூடு ஏறக்குறைய 100 டிகிரியிலேயே நிற்கும்; மருந்தும் கருகாது. நீர் வற்றும் தறுவாயில்தான் கண்ணுங்கருத்துமாக இருத்தல் அவசியம். அதன்பின் சூடு விரைந்து ஏறி, சில நிமிடங்களில் எல்லாம் கருகிவிடும். ஆகவே சலசலப்பு அடங்கத் தொடங்கியதும் விறகை இழுத்துவிட்டுத் தணலில் வைத்துக் கிளறுக. அடியில் உள்ள விழுதில் சிறிது எடுத்து விரல்களிடையே உருட்டிப் பார்க்கவும். சேறுபோல் ஒட்டினால் நீர் இருக்கிறது. மெழுகுபோல் திரண்டு திரியாக உருளுமாயின் பதம் நெருங்கிவிட்டது. அத்திரியை நெருப்பில் காட்டும்போது படபடவென்று வெடிக்காமல் எரிந்தால் நீர் அறவே போயிற்று என்று பொருள். விழுது மணல்போல் உதிருமாயின் உடனே இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் கரிதான் மிஞ்சும். எண்ணெயில் நுரை எழுவதையும் பதத்தின் அறிகுறியாகப் பெரியவர்கள் கொள்வர்.

இறக்கிய தைலத்தை இளஞ்சூட்டில் உலர்ந்த துணியில் வடிகட்டி, கழுவி வெயிலில் நன்கு காய்ந்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றுக. இவ்வளவு பாடுபட்டுக் காய்ச்சிய தைலத்தை ஈரம் காயாத புட்டியில் ஊற்றிக் கெடுப்போரும் உண்டு. புட்டியின்மீது பெயரும் தேதியும் எழுதி ஒட்டுவது நலம். இத்தைலம் தேய்த்தால் வழுக்கையில் முடி முளைக்கும் என்று எவரேனும் கூறினால் அதை நம்ப வேண்டுவதில்லை.

நெருப்பே இல்லாமல் செய்வது வெட்பாலைத் தைலம். இலைகளைக் கையால் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் இட்டு, மெல்லிய துணியால் வாய் கட்டி, சில நாள் வெயிலில் வைக்க எண்ணெய் ஊதா நிறம் கொள்ளும். துணி கட்டுவது தூசி விழாமலும், இலையின் ஈரம் வெளியேறவும். காளாஞ்சகப்படை என்னும் தோல் நோய்க்குச் சித்த மருத்துவர்கள் இதனை அளிக்கின்றனர். மரத்தை அறியாமல் பறிக்கலாகாது. வெட்பாலையின் நீண்ட இரட்டைக் காய்கள் நுனியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அதனோடு மயங்கக்கூடிய குடசப்பாலையின் காய்கள் பிரிந்தே தொங்கும். சன்னபட்டணத்துப் பொம்மைகள் கடையப்படுவதும் இவ்வெட்பாலை மரத்தில்தான் என்பது நம்மவர் பலர் அறியாதது. ஊராட்சியின் புறம்போக்கில் நிழலுக்கு மரம் வைக்கும்போது இதில் சில கன்றுகளும் வைக்கலாம்.

தைலம் நல்லதாயினும் கைக்குழந்தையின் மூக்கிலும் வாயிலும் விடுதல் பெருந்தீங்கு. எண்ணெய் மூச்சுக்குழல் வழியே நுரையீரலில் இறங்கிச் சளிக்காய்ச்சல் போன்ற கொடிய நோயை உண்டாக்கும். கற்பூரம் சேர்த்த தைலம் சிறிதளவு வயிற்றில் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரும். பாட்டிமார் அன்பினால் செய்துவந்த வழக்கமாதலால் கண்டித்துப் பேசிப் பயனில்லை. கிராம சுகாதாரச் செவிலியரைக்கொண்டு அங்கன்வாடியில் தாய்மாரும் பாட்டிமாரும் ஒருங்கே கூடும் நாளில் எடுத்துரைக்க ஊராட்சி உறுப்பினர்கள் ஏற்பாடு செய்தல் வேண்டும்.

மகளிர் குழுக்கள் இதை விற்பனைத் தொழிலாகச் செய்யலாமா என்று நம்மிடம் கேட்கின்றனர். வீட்டு உபயோகத்துக்குக் காய்ச்சத் தடையில்லை. நோய் தீர்க்கும் மருந்தென்று விற்பதாயின், 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் சட்டப்படி உற்பத்தி உரிமம் பெற்றாக வேண்டும். ஆகவே சீட்டும் புட்டியும் வாங்கிப் பணத்தை முடக்குமுன் அதை விசாரித்துக்கொள்க.