லாரி ஓட்டுநரின் கூலிக் கணக்கு

பவானிபூரில் தங்கிப் படிக்கும் நம் நண்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பகலில் பஸ்ஸும் டாக்ஸியுமாக நெரியும் ஆசுதோஷ் முகர்ஜி சாலை, இரவு முதிர்ந்ததும் வேறு ஓசை கொள்கிறது. மணல், செங்கல், காய்கறி, மளிகை எல்லாம் அப்பொழுதுதான் லாரிகளில் வந்திறங்குகின்றன. கல்கத்தா நகருக்குள் பகல் வேளையில் கனரக லாரிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. நாம் உறங்கும் நேரமே அவர்களுடைய வேலை நேரம். விடிந்தபின் அவர்கள் உறங்குவது பெரும்பாலும் வண்டிக்குள்தான். வங்காளத்து வைகாசி வெயிலில் அது எத்தகைய உறக்கமென்று நான் சொல்லவேண்டுவதில்லை.

இப்பகுதி மோட்டார்த் தொழிலுக்குப் புதியதன்று. பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர் பலர் சென்ற நூற்றாண்டில் டாக்ஸி, பஸ், லாரி ஓட்டிப் பிழைத்து இங்கேயே குடியமர்ந்தனர். ஹரீஷ் முகர்ஜி சாலையிலுள்ள சந்த் குடியா குருத்வாராவை அறியாதார் இங்கு இரார். நம் நாட்டிலிருந்து வருவோரும் உண்டு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டுப் பக்கத்து லாரிகள் இந்தியா முழுதும் ஓடுகின்றன, இங்கும் வருகின்றன. அவற்றை ஓட்டிவரும் சிலரிடம் கேட்டும், சட்டங்களைப் படித்தும் நான் அறிந்தவற்றை நம் சங்கத்தார்முன் வைக்கிறேன்.

முதலில் கூலி முறை. மாதச் சம்பளம் வாங்கும் ஓட்டுநர் உண்டு. அதனுடன் வழிச்செலவுக்குப் ‘பேட்டா’ கிடைக்கும். ஒரு நடைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வோர் உண்டு. வாடகையில் நூற்றுக்கு இத்தனை என்று பங்கு பெறுவோரும் உண்டு. பின்னிரண்டு முறைகளிலும் கூலியை நிர்ணயிப்பது சக்கரமே, கடிகாரமன்று.

சட்டமோ கடிகாரத்தைப் பார்க்கிறது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பிட்டது. நெடுந்தூர வழிகளில் உரிய அதிகாரியின் அனுமதியோடு 10 மணி, வாரத்தில் 54 மணி வரை போகலாம். ஐந்து மணி வேலைக்குமேல் அரைமணி ஓய்வின்றி ஓட்டலாகாது. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி. இச்சட்டம் 2020-இல் இயற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பில் அடக்கப்பட்டு, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. எட்டுமணி வரம்பு அதிலும் உண்டு.

இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேவ்லைஃப் என்னும் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கல்கத்தா, சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட லாரி ஓட்டுநரை விசாரித்து 2020-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சராசரி ஓட்டுநர் நாளுக்கு ஏறத்தாழ 12 மணி நேரத்தில் 417 கிலோமீட்டர் ஓட்டுகிறாராம். கல்கத்தா–சென்னை நெடுஞ்சாலை (எண் 16) சுமார் 1,700 கிலோமீட்டர். அந்த வேகத்தில் நான்கு நாளில் போய்ச் சேரலாம். அதே ஓட்டுநர் சட்டப்படி எட்டுமணி மட்டும் ஓட்டினால் நாளுக்கு 278 கிலோமீட்டர்தான், ஆறு நாளாகும். நடைக்கு 12,000 ரூபாய் பேசியிருப்பதாக வைத்துக்கொள்வோம். (இது கணக்குக்காக நான் வைத்த தொகை.) நான்கு நாளில் முடித்தால் நாளுக்கு 3,000, ஆறு நாளில் முடித்தால் 2,000. சட்டத்தை மதிப்பவன் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் இழக்கிறான்! மீறச் சொல்லி முதலாளி ஒரு வார்த்தையும் பேசவேண்டியதில்லை. கூலி முறையே பேசிவிடுகிறது. ஓட்டுநர் பேராசையால் கண்விழித்து ஓட்டுகிறார் என்போர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

இதைவிடப் பெரிது காத்திருப்பு. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் மாநில எல்லைகளின் வரிச் சோதனைச் சாவடிகள் நீங்கின. வழியில் நிற்கும் நேரம் குறைந்தது உண்மையே. ஆனால் சரக்கு இறக்க முறை வரும்வரை, நகருக்குள் நுழைய இரவு வரும்வரை, திரும்ப லோடு கிடைக்கும்வரை நிற்பது ஒழியவில்லை. மேற்சொன்ன நடையில் நான்கு நாள் ஓடி நான்கு நாள் நின்றால், 3,000 என்பது 1,500 ஆகிவிடும். டன்குனிக்கு அருகே மூன்று நாளாக லோடுக்கு நின்ற திருச்செங்கோட்டு ஓட்டுநர் ஒருவரிடம், “நிற்கிற நாளுக்கு என்ன அண்ணே கிடைக்கும்?” என்று கேட்டேன். “வண்டி நின்னா காசு நிக்கும் தம்பி. சோத்துச் செலவு நிக்குமா?” என்றார். ‘ஹால்டிங்’ என்று ஒரு தொகை சில இடங்களில் தருவார்களாம். அது வண்டிக்காரருக்குப் போய்ச் சேருமே தவிரத் தமக்கு வருவது அருமை என்றும் சொன்னார்.

இதில் சட்டமும் அவருக்கு முழுத் துணையாக இருந்ததில்லை. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘வேலை நேரம்’ என்பதற்குத் தந்த விளக்கத்தைப் படித்தபோது நான் வியந்தேன். ஓடும் நேரம் சேரும், துணை வேலைகள் சேரும். முனையங்களில் வெறுமனே காத்திருக்கும் நேரமோ, பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாயின் மட்டுமே சேரும். பஸ் ஓட்டுநர் நிலையத்தில் நிற்பதை எண்ணி எழுதினார்கள் போலும். மூன்று நாள் நிற்கும் லாரிக்காரன் அவர்கள் நினைவில் இல்லை.

பிற நாடுகளில் எப்படி? அமெரிக்காவில் மைல் கணக்கில் கூலி கொடுப்பது பெருவழக்கு. அங்கு 1938-ஆம் ஆண்டின் தொழில் தரச் சட்டமே மாநிலங்களிடை ஓடும் லாரி ஓட்டுநரை மிகைநேர ஊதியத்திலிருந்து விலக்கிவைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் செய்த விதியோ நோயின் மூலத்தைத் தொட்டது. நாளுக்கு 9 மணி ஓட்டம், நாலரை மணிக்கு ஒருமுறை 45 நிமிட ஓய்வு. ஓட்டத்தைப் பதிந்துகொள்ளும் கருவி வண்டியிலேயே உண்டு. அத்துடன், கடந்த தொலைவையோ சுமந்த சரக்கையோ பொறுத்துக் கூலியும் வெகுமதியும் தருவது சாலைப் பாதுகாப்புக்கு ஊறு செய்யுமாயின் அது கூடாதென்றும் விதித்தது. நம் நாட்டுச் சட்டத்தில் நான் தேடியது இவ்வொரு வரியைத்தான்.

நம் நாட்டில் அண்மையில் ஒரு நன்மை நடந்திருக்கிறது. புதிதாகச் செய்யப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம். பகலில் வண்டிக்குள் உறங்குவோருக்கு இது சிறிய உதவியன்று. ஆனால் பழைய வண்டிகளுக்கு இது பொருந்தாது. நிற்கும் வண்டியில் குளிர்சாதனம் ஓட டீசலும் எரியவேண்டும். அந்த டீசல் யார் கணக்கில் என்று திருச்செங்கோட்டு அண்ணனிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, என் படிப்பு முடிய இன்னும் எத்தனை ஆண்டு என்று விசாரித்தார்.