பழைய மெசி வாங்குமுன்: கிளச் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

காலபோக உழவு நெருங்கினால் வன்னியில் அக்கராயன், ஸ்கந்தபுரம், கோணாவில் பக்கமெல்லாம் பழைய உழவு இயந்திரங்கள் கைமாறத் தொடங்கும். அவற்றில் மெசி பேர்கசனுக்குத் தனி மதிப்பு: 1964 இல் வெளிவந்த 135, பிறகு வந்த 240, சென்னை டாஃபே செய்த வண்டிகள். வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தையும் ரயரையும் கவனமாகப் பார்க்கிறார்கள். கிளச்சையும் கியர்பொக்ஸையும் பார்ப்பவர் குறைவு. பார்ப்பவர்களும் ஒன்றின் குற்றத்தை மற்றதன்மேல் போட்டுவிடுகிறார்கள். கிளச் பிளேற் மாற்ற வண்டியை நடுவில் பிரிக்க வேண்டும். கியர்பொக்ஸுக்குள் பல் போயிருந்தால் செலவு அதற்கும் மேலே. எது பழுது என்று பிரித்தறியாமல் விலை பேசக்கூடாது.

“மிதி மேலேயே பிடிக்குது, பிளேற் புதுசு.”

பெரும்பாலும் நேர்மாறானதே உண்மை. பிளேற் தேயத் தேய கிளச் விரல்கள் பெயரிங்கை நெருங்கி வரும். மிதியின் வெறும் ஆட்டம் குறையும். காலை முக்கால்வாசி எடுத்த பிறகுதான் வண்டி நகரும். இதை மறைப்பதும் எளிது: இணைப்புக் கம்பியைச் சில நிமிடம் திருகினால் மிதி புதுவண்டி போல நிற்கும். ஆகவே மிதியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, சுமையை வைத்துத்தான் சொல்லலாம். ஆளில்லாத வெளியில் இரண்டு பிறேக்கையும் சேர்த்துப் பூட்டி மிதியுங்கள். உயர்ந்த கியரில் போட்டு, எஞ்சினை நடுத்தர வேகத்தில் வைத்து, கிளச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் பிளேற் வழுக்குகிறது. உடனே மிதித்துவிடுங்கள், நீட்டினால் மிச்சமும் எரியும். பெட்டியில் மண் ஏற்றிக் குளக்கட்டில் ஏற்றிப் பார்க்க விற்பவர் சம்மதித்தால் இன்னும் நல்லது.

“கியர் கரகரக்குது, கியர்பொக்ஸ் போச்சு.”

இந்த ஒரு பேச்சினால் நல்ல வண்டிகளைக் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். கிளச்சை முழுக்க மிதித்து, பத்து விநாடி பொறுத்து, பின்கியரைப் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு அதே கியரைப் போடுங்கள். பல்லோடு பல் முட்டி நின்றால் வண்டியைக் கொஞ்சம் தள்ளிவிட்டுப் பாருங்கள். இப்போது வழுவழுவென விழுந்தால் சந்தேகம் கிளச்சின் மேல்: அது முழுக்க விடுபடவில்லை.

வன்னியில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. 2008 இன் பிற்பகுதியில், போரின்போது, இங்குள்ள சனம் வீட்டுச் சாமான்களைப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு கிழக்கே போனது. முள்ளிவாய்க்கால் வரை போன வண்டிகள் உப்புக் காற்றிலும் மழையிலும் கேட்பாரற்றுக் கிடந்தன. நெடுநாள் நின்ற வண்டியில் பிளேற் கறள் பிடித்துப் பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். அதை விடுவிக்கத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார். ஆனால் கறள் தின்ற பிளேற் நெடுநாள் உழைக்காது. விலையைக் குறைத்துக் கேளுங்கள். அப்படி நின்ற வண்டியென்றால் சேசி இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுவதும் கட்டாயம்.

கியர் தானாகக் கழன்று நடுவுக்கு வந்தால் “ஒரு ஸ்பிரிங் மாத்தினால் சரி” என்பார்கள். ஸ்பிரிங்காகவும் இருக்கலாம். பல்லின் விளிம்பு உருண்டு போனாலும் இதே குணம்தான், அதை வெளியில் நின்று சொல்ல முடியாது. சுமையோடு இழுக்கும்போதும், சரிவில் விசையை விட்டு இறங்கும்போதும் கழலும் வண்டியை நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

“பழைய மெசி என்றால் சத்தம் இருக்கும்தானே?”

இருக்கும். நேர்ப் பற்கள் சுழலும்போது வரும் ஊளை இயல்பானது. எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி. கியர் போடாமல் நிற்கையில் கேட்டு, கிளச்சை மிதித்ததும் அடங்கினால் சத்தம் கியர்பொக்ஸ் பெயரிங்குகளில். மிதித்ததும் தொடங்கினால் கிளச் பெயரிங். சில்லின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் பின் அச்சைப் பாருங்கள். கிளச் பெயரிங் மலிவுதான். ஆனால் அதற்கும் வண்டியைப் பிரித்தாக வேண்டும்.

“ஒயில் புதுசாய் விட்டிருக்கு, நல்லாப் பார்த்த வண்டி.”

புது ஒயிலைக் கண்டால் எனக்குச் சந்தேகம் கூடும். தடித்த ஒயில் சத்தத்தை அமுக்கும். 135 இலும் 240 இலும் கியர்பொக்ஸுக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில்தான். சேற்று உழவில் சீல் வழியே தண்ணீர் புகுந்தால் ஒயில் பால்போல வெளுக்கும். பற்களோடு பம்பும் கெடும். இரவு முழுக்க நின்ற வண்டியின் அடி நட்டைக் காலையில் மெல்லத் தளர்த்துங்கள். கீழே தங்கிய தண்ணீர்தான் முதலில் வரும். கிளச் கூட்டின் அடியில் உள்ள சிறு துளையையும் தொட்டுப் பாருங்கள். அதில் ஒயில் வடிந்தால் எஞ்சின் சீலோ கியர்பொக்ஸ் சீலோ போய், பிளேற் நனைகிறது. துளையை அடைத்து வைத்திருந்தால் ஏனென்று கேளுங்கள்.

கடைசியாக, பழுதில்லாததைப் பழுதென்று எண்ணுவது ஒன்று உண்டு. இரட்டைக் கிளச் வண்டியில் அரைவாசி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், பி.ரி.ஓ. தண்டு சுழலும். முழுக்க மிதித்தால் அதுவும் நிற்கும், கலப்பை தூக்குவதும் நிற்கும். பம்ப் அந்தத் தண்டில்தான் ஓடுகிறது, வண்டியின் அமைப்பே அப்படி. முழுக்க மிதித்த பிறகும் ரோட்டவேற்றர் கத்தி சுழன்றுகொண்டிருந்தால்தான் பயப்பட வேண்டும்.