இராணுவத் தளபதி அரசியலுக்கு வந்த கதை: சரத் பொன்சேகா

மாணவர்களே, தேர்தல் பற்றிய உறுப்புரைகளைத் தனியே பாடமாக்கினால் பரீட்சை மண்டபத்தில் மறந்துபோகும். ஒருவருடைய வாழ்க்கையோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

சரத் பொன்சேகா 1950 டிசம்பர் 18 ஆம் திகதி அம்பலாங்கொடையில் பிறந்தார். 1970 இல் இராணுவத்தில் சேர்ந்து, 2005 டிசம்பரில் இராணுவத் தளபதியானார். 2006 ஏப்ரலில் கொழும்பு இராணுவத் தலைமையகத்தில் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் படுகாயமடைந்து உயிர் தப்பினார். அதே ஆண்டு மாவிலாற்றில் தொடங்கிய சண்டை எமது மாவட்டத்தின் மூதூர், சம்பூர் பகுதிகளுக்குப் பரவியது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே கொட்டியாரக்குடாவின் மறுகரையிலுள்ள சம்பூரை இராணுவம் செப்டெம்பரில் கைப்பற்றியது. அங்கிருந்து இடம்பெயர்ந்தோர் பல வருடங்கள் ஊர் திரும்ப முடியாமல் இருந்ததை வீட்டில் கேட்டிருப்பீர்கள்.

யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. ஜூலையில் கூட்டுப்படைகளின் பிரதானியான பொன்சேகா, நவம்பரில் பதவி விலகி, 2010 ஜனவரி 26 சனாதிபதித் தேர்தலில் அன்னம் சின்னத்தில் போட்டியிட்டார். சேவையில் இருந்துகொண்டே போட்டியிட்டார் என்று எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள். நிரந்தரப் படையில் இருப்பவர் வேட்பாளராக முடியாது.

வென்றவர் மகிந்த ராஜபக்ச. ஆனால் 22 தேர்தல் மாவட்டங்களில் 6 பொன்சேகாவுக்குக் கிடைத்தன. திருகோணமலையும் அவற்றுள் ஒன்று. இங்கு அவர் பெற்றது சுமார் 54 வீதம். சம்பூரைப் பிடித்த படையின் தளபதிக்கு இந்த மாவட்டம் வாக்களித்தது ஏன்? தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவரை ஆதரித்தது ஒரு காரணம். அன்றைய அரசை மாற்ற வேண்டும் என்ற எண்ணமே பெரிய காரணம் என்பது என் கருத்து. அது அவர்மீதான அன்பினால் விழுந்த வாக்கு அல்ல.

பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். தடுப்பில் இருந்தபடியே ஏப்ரலில் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். இராணுவ நீதிமன்றம் விதித்த 30 மாதச் சிறைத்தண்டனையால் அக்டோபரில் ஆசனம் பறிபோனது. இராணுவ நீதிமன்றமும் 89 ஆம் உறுப்புரை கூறும் 'நீதிமன்றம்' தானா என்ற கேள்வி எழுந்தது. ஆம் என்று 2011 இல் உயர் நீதிமன்றம் கூறியது. 2012 மே மாதம் விடுதலையானார்.

2015 இல் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன முழு மன்னிப்பு வழங்கியதால் குடியியல் உரிமைகள் திரும்பின. அவ்வருட மார்ச்சில் பீல்ட் மார்ஷல் பட்டமும் கிடைத்தது. 2016 இல் தேசியப் பட்டியலினூடாகப் பாராளுமன்றம் வந்து அமைச்சரானார். 2010 இல் 40 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்றவர், 2024 சனாதிபதித் தேர்தலில் சுயேச்சையாக நின்று பெற்றவை ஏறத்தாழ 22 ஆயிரம் மட்டுமே.

பயிற்சி வினா: 2010 இல் பாராளுமன்ற ஆசனத்தை இழந்தவர் 2016 இல் மீண்டும் உறுப்பினராக முடிந்தது எவ்வாறு? காரணத்துடன் விளக்குக.