கௌரவ ஆராய்ச்சியாளரும் மனித உரிமையும்

பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் அறிஞர்க்கு வழங்கும் பதவிகள் பல. அவற்றுள் ஒன்று வேதனமின்றியே வழங்கப்பெறுவது. பேராசிரியராகவோ நீதியரசராகவோ தூதுவராகவோ பல்லாண்டு கடமையாற்றி முதிர்ந்த ஒருவரை ஒரு நிலையம் அழைத்து, 'எம்மோடிருந்து ஆராய்க. எம் பெயரை நும் நூலின் முகப்பில் இடுக. எம் நூலகம் நுமக்குத் திறந்திருக்கும். சம்பளம் மட்டும் தருதற்கில்லை' என்று கூறுமாயின், அதனையே கௌரவ ஆராய்ச்சிப் பதவி என்பர். மனித உரிமை, அரச கொள்கை ஆகிய துறைகளில் இவ்வழக்கம் மேனாடுகளில் இன்று பெரிதும் பரவியுள்ளது. 'சம்பளமில்லாத உத்தியோகமும் ஓர் உத்தியோகமோ?' என்று நகைப்பார் நம்மூரில் உளர். அந்நகைப்பிற் பாதி உண்மையுமுண்டு. எஞ்சிய பாதி யாதென ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் சொல்லைத் தெளிவோம். கௌரவ கலாநிதிப் பட்டம் வேறு. அது செய்து முடித்த தொண்டிற்கு அணிவிக்கும் மாலை. தகைசார் பேராசிரியர் என்பதும் வேறு. அது தாம் பணியாற்றிய கழகமே ஓய்வின்பின் அளிக்கும் மதிப்பு. ஒக்சுபோட்டு, கேம்பிறிட்சு ஆகிய இடங்களிலுள்ள கல்லூரிகள் தம் பழைய மாணவருட் புகழ்பெற்றாரைக் கௌரவ உறுப்பினராக்கும். அவர்களிடம் ஆராய்ச்சியை எவரும் எதிர்பார்ப்பதில்லை. கௌரவ ஆராய்ச்சியாளரோ செயல் செய்தற்கென்றே அழைக்கப்படுபவர். பெரும்பாலும் ஓராண்டு முதல் மூன்றாண்டுவரை தவணை குறிக்கப்பெறும். செயல் நிகழ்ந்திருப்பின் புதுப்பிக்கப்பெறும்.

அவர் பெறுவது யாது? அரும்பெரும் சஞ்சிகைகள் பலவும் இக்காலத்தில் மின்வடிவில், பெருஞ்சந்தா செலுத்தும் நிறுவனங்களின் உறுப்பினர்க்கே திறக்கின்றன. ஓய்வுபெற்ற மறுநாளே தமது வாழ்நாட்டுறையின் வாயில் அடைபடக் காணும் அறிஞர் பலர். மேலும், துன்புற்றாரை நேரிற் கண்டு வாக்குமூலம் பெறுதற்கு ஒழுக்கநெறிக் குழுவொன்றின் அனுமதி வேண்டும். தனியொருவர்க்கு அதனை அளிப்பார் யார்? பிறநாடு சென்று ஆராய்வோர்க்கு நிறுவனத்தின் கடிதமொன்று கையிலிருத்தல் எத்துணை உதவி என்பதைப் பிரயாணம் செய்தார் அறிவர். எனவே, சம்பளமில்லை எனினும் பதவி வெறுங்கையன்று.

மனித உரிமைத் துறைக்கு இப்பதவி சிறப்பாக இயைவதற்கு வேறொரு காரணமுமுண்டு. இத்துறையார் ஆராயும் பொருள் பெரும்பாலும் அரசின் நடத்தையே. அரசின் உப்பை உண்டுகொண்டே அரசைக் குறைகூறல் அரிது. நம் சங்கப் புலவர் பரிசில் பெற்றும் இடித்துரைத்தனர் என்பது அவர்தம் பெருமை. வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனைப் பாடி உழவர் சுமையை நினைவூட்டிப் பழைய நிலவரிக் கடனை விடுவித்துக்கொண்ட செய்தியைப் புறநானூறு படித்த மாணவர் அறிவர். அதனைக் கொள்கை ஆராய்ச்சி என்று நான் வகுப்பிற் கூறுவதுண்டு; மாணவர் சிரிப்பர். ஆயினும் எல்லா வேந்தரும் கிள்ளிவளவர் அல்லர். எல்லாப் புலவரும் நாகனார் அல்லர். ஆதலின், ஆராயப்படுவோர் கையால் ஊதியம் பெறாமை நல்லதொரு காப்பு ஆகும்.

ஐக்கிய நாடுகள் தாபனம் இந்நெறியையே கைக்கொண்டது. சித்திரவதை, பெண்களுக்கெதிரான வன்முறை முதலிய பொருள்களை ஆராய அது நியமிக்கும் விசேட அறிக்கையாளர்கள் அத்தாபனத்தின் உத்தியோகத்தர் அல்லர். பிரயாணச் செலவும் ஓரளவு செயலக உதவியும் கிடைக்கும், வேதனம் இல்லை. தம் அறிவுக்குத் தோன்றியதைத் தடையின்றிக் கூறும்பொருட்டே இவ்வேற்பாடு. இதன் பயனையும் குறையையும் ஒருங்கே காட்டுதற்கு ஒரு வரலாறு போதும். அது நம்மவர் வாழ்வையும் தொட்டுச் செல்வது.

யுத்தத்தினால் ஊர்விட்டு ஓடுவோர் நாட்டெல்லையைக் கடப்பின் அகதிகள் எனப்படுவர். அவர்க்கென 1951 ஆம் ஆண்டின் உடன்படிக்கையுண்டு. எல்லையைக் கடவாமல் தம் நாட்டினுள்ளேயே அலைவோர்க்கு அத்தகையதோர் ஆவணம் நெடுங்காலம் இருந்ததில்லை. 1992 இல் ஐ. நா. மனித உரிமை ஆணைக்குழுவின் வேண்டுகோளின்படி, செயலாளர் நாயகம் பூத்துரோசு காலி அவர்கள் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி ஆராயத் தம் பிரதிநிதியாகப் பிரான்சிசு டெங் என்பாரை நியமித்தார். டெங் சூடான் நாட்டவர். திங்கா இனத் தலைவர் ஒருவரின் மைந்தர். யேல் பல்கலைக்கழகத்திற் சட்டத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். தூதுவராகவும் வெளிவிவகார இராசாங்க அமைச்சராகவும் இருந்தவர். தம் நாடும் உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்த காலத்தில் இப்பணியை ஏற்றார்.

ஐ. நா. அவருக்குப் பெயரை அளித்தது, ஊதியம் அளிக்கவில்லை, உதவியாளரும் மிகச் சிலரே. ஆனால், அவர் அக்காலத்தில் வாசிங்டனிலுள்ள புறூக்கிங்சு ஆராய்ச்சி நிலையத்தில் மூத்த ஆய்வாளராக இருந்தார். அங்கே றொபேட்டா கோகென் என்னும் அம்மையாரும் அவரும் சேர்ந்து இடம்பெயர்வு பற்றிய ஆராய்ச்சித் திட்டமொன்றை நடாத்தினர். அவர் நாடுகள்தோறும் சென்று கண்டனவற்றை அங்கிருந்து ஆராய்ந்து நூலாக்கினர். 1993 இல் இலங்கைக்கும் வந்து இடம்பெயர்ந்தோர் நிலையைக் கண்டு அறிக்கை எழுதினார். வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் 1990 இல் தம் மனைகளினின்று வெளியேற்றப்பட்டு மூன்றாண்டு கழிந்திருந்த காலம் அது. வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சி நோக்கி நடந்த 1995 ஆம் ஆண்டின் ஐப்பசி மாதம் இனி வரவிருந்தது.

பல சட்ட அறிஞர் துணையுடன் முதலில் நடைமுறையிலுள்ள சட்டங்கள் தொகுக்கப்பெற்றன. பின்னர் சுவிற்சலாந்தின் பேண் பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்ட்டர் கேலின் தலைமையில் வரைவு உருவாயிற்று. 1998 இல் முப்பது கோட்பாடுகள் கொண்ட அவ்வாவணம் ஆணைக்குழுவின் முன் வைக்கப்பெற்றது. உள்நாட்டு இடம்பெயர்வு பற்றிய வழிகாட்டற் கோட்பாடுகள் என்பது அதன் பெயர். பாதுகாக்கும் முதற்கடமை அந்நாட்டு அதிகாரிகளுடையது என்கிறது மூன்றாவது. பாதுகாப்போடும் கண்ணியத்தோடும் விரும்பித் திரும்பவோ, வேறிடத்திற் குடியமரவோ வழிசெய்தல் வேண்டுமென்கிறது இருபத்தெட்டாவது. இழந்த சொத்தை மீட்டுக்கொடுத்தல், இயலாதாயின் நட்டஈடு பெற உதவுதல் பற்றியது இருபத்தொன்பதாவது. ஆசிரியர் அனைவரும் படித்திருக்கவேண்டியது இருபத்துமூன்றாவது: இடம்பெயர்ந்த பிள்ளைகட்குத் தொடக்கக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் கிடைத்தல் வேண்டும் என்பது. மரநிழலில் மாலைப் பாடசாலை பயின்ற தலைமுறைக்கு இவ்வரியின் பொருளை விளக்கவேண்டியதில்லை. தமிழிலும் சிங்களத்திலும் இக்கோட்பாடுகள் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன.

இவை அரசுகள் கூடிப் பேசிச் செய்த உடன்படிக்கை அன்று. 'எம்மைக் கேளாது அறிஞர் சிலர் எழுதியதற்கு நாம் ஏன் கட்டுப்படல் வேண்டும்?' எனச் சில அரசுகள் ஆட்சேபித்தன. ஆட்சேபம் முற்றும் நியாயமற்றதன்று. மக்களால் தெரிவு செய்யப்படாதார் சட்டம் எழுதுவதில் ஓர் இடரும் உண்டு. ஆயினும் அரசுகள் எழுதட்டும் எனக் காத்திருந்தால் எத்தனை பத்தாண்டு சென்றிருக்குமோ! 2005 இல் உலகத் தலைவர்கள் கூடிய மாநாடு இக்கோட்பாடுகளை முக்கியமான சருவதேசச் சட்டகமென ஏற்றது. 2009 இல் ஆபிரிக்க ஒன்றியம் கம்பாலா நகரில் இவற்றைத் தழுவியதோர் உடன்படிக்கையையே செய்தது. 2012 இல் அது நடைமுறைக்கு வந்தது.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்று. டெங் அவர்களின் கௌரவப் பதவி பயன்விளைத்தது, அதன் பின்னே வேறொரு நிலையம் இடமும் துணையும் அளித்து நின்றமையால். அத்துணை இல்லாதார் கதியையும் காண்போம். இரபாயேல் இலெம்கின் என்பார் போலந்து நாட்டு யூதர், சட்ட அறிஞர். நாசிகளிடமிருந்து தப்பி 1941 இல் அமெரிக்கா சேர்ந்து தியூக்குப் பல்கலைக்கழகத்தில் இடம்பெற்றார். 1944 இற் காணேகி அறக்கட்டளை வெளியிட்ட தம் பெருநூலிலே, ஓரினத்தையே அழிக்கும் குற்றத்திற்கு அவர் ஆக்கிய பெயரே 'இனப்படுகொலை' என நாம் தமிழில் வழங்குவதன் மூலம். 1948 மார்கழி 9 ஆம் நாள் அக்குற்றத்திற்கெதிரான உடன்படிக்கை நிறைவேறியது. அதற்காக அவர் ஏறி இறங்காத தூதுவர் வாயில் இல்லை. பின்னர்ச் சிலகாலம் யேலில் விரிவுரையாற்றினாராயினும் நிலைத்த இடமொன்றும் வாய்க்கவில்லை. 1959 இல் நியூயோர்க்கு நகரில் வறுமையிலே இறந்தார். எழுதி முடியாத அவர் தன்வரலாறு அச்சேறியது 2013 இலேயே. அவருக்கு வேண்டியிருந்தது மாலையன்று. ஒரு மேசையும் மாதந்தோறும் சிறு தொகையுமே.

இதுவே இப்பதவியின் பெருங்குறை. வேதனமில்லாப் பதவியை ஏற்கவல்லார் யார்? ஓய்வூதியம் உடையார், அல்லது வேறொரு நிறுவனத்திற் சம்பளம் பெறுவார். செல்வ நாட்டார்க்கு இது எளிது. போரும் வறுமையும் நேர்ந்த நாட்டின் அறிஞரோ, ஆராயவேண்டிய துன்பத்தை அருகிருந்து கண்டவர். ஆனால் வீட்டுவாடகை அவரைப் பதவியேற்க விடுவதில்லை. இதனால் வறியோர் துயரைப் பற்றி வசதியுள்ளோரே எழுதும் நிலை நேர்கிறது. விதிவிலக்குமுண்டு. நம் நாட்டவரான இராதிகா குமாரசுவாமி அம்மையார் 1994 முதல் 2003 வரை பெண்களுக்கெதிரான வன்முறை பற்றிய முதலாவது விசேட அறிக்கையாளராக விளங்கினார். 1982 இல் தொடங்கப்பெற்ற இனத்துவக் கற்கைகளுக்கான சருவதேச நிலையம் கொழும்பில் அவருக்கு ஆதாரமாயிருந்தது. அதனை நிறுவியோருள் ஒருவரான நீலன் திருச்செல்வம் அவர்கள் 1999 ஆடி 29 ஆம் நாள் கொல்லப்பட்டார். இத்துறையில் உழைப்போர் இழப்பது சம்பளம் மட்டுமன்று.

நம் பழைய மாணவருள் நீதித்துறையிலும் நிருவாகத்திலும் பல்கலைக்கழகங்களிலும் முதிர்ந்து ஓய்வுபெற்றார் பலர். கடல்கடந்து வாழ்வாரும் அவருள் உளர். இத்தகைய அழைப்புக் கடிதம் ஒன்று வருமாயின், அதன் அலங்காரச் சொற்களைத் தாண்டிச் சில வினாக்களை எழுப்புதல் தக்கது. நூலகத்தின் மின்வாயில் திறக்குமா, அன்றிப் பெயர்ப்பலகை மட்டுமா? களஞ்சென்று ஆராயும் செலவை யார் ஏற்பர்? இளையாரொருவர் உதவிக்குக் கிடைப்பாரா? எழுதியது எவர்க்கு உரியது? எல்லாவற்றினும் மேலாக, அறிக்கையைக் கண்டு சினந்த ஓர் அரசு நிலையத்தின் தலைவருக்குத் தொலைபேசியில் முறையிடுமாயின், அத்தலைவர் ஆராய்ச்சியாளர் பக்கம் நிற்பாரா? முன்னைய வினாக்களுக்கு விடை கடிதத்திலேயே கிடைத்தல் கூடும். இக்கடைசி வினாவிற்கோ, அந்நிலையத்தில் முன்னர் இருந்தாரைக் கண்டு கேட்டுத்தான் அறிதல் வேண்டும்.